எலும்பைக் கடந்த ஒளி

லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், தாம் கவனித்த நோயாளிகளைப் பற்றி 1831இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அதில் வரும் ஒருவருக்கு மூளையில் நீர் கோத்து, தலை அளவு மீறிப் பெருத்திருந்தது. அவருடைய தலைக்குப் பின்னால் மெழுகுவத்தியைப் பிடித்தால் மண்டை பாதி ஒளி புகும் பொருளாகத் தெரிந்தது என்று பிரைட் எழுதியிருக்கிறார். உயிரோடு இருக்கும் மனிதனின் தலைக்குள் ஒளி புகுந்து வெளியே வந்ததை மருத்துவர் ஒருவர் பதிவு செய்த மிகப் பழைய குறிப்புகளுள் இது ஒன்று.

பிறகு நெடுங்காலம் அந்த ஒளியைக் கொண்டு பெரிதாக எதுவும் செய்துவிட முடியவில்லை. தலை பெருத்த சிசுக்களை இருட்டறையில் வைத்து, மண்டையோடு சேர்த்து விளக்கைப் பிடித்து, நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் மட்டும் வந்தது. ஒளி உள்ளே போய் வருகிறது என்பது தெரிந்திருந்தது. வரும்போது அது உள்ளிருந்து என்ன சேதி கொண்டுவருகிறது என்பதைப் படிக்கத் தெரியவில்லை. அதைப் படிக்க வேண்டுமானால் முதலில் ரத்தத்தின் நிறம் புரிய வேண்டும்.

அந்த வேலையை வேறு ஆட்கள், வேறு ஊர்களில், தலையைப் பற்றிய நினைப்பே இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். வில்லியம் ஹெர்ஷல் 1800இலேயே சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்திருந்தார். அங்கேதான் வெப்பம் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் இப்படித்தான் மனிதனுக்கு அறிமுகமானது. ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் ஃபெலிக்ஸ் ஹோப்பே-சைலர் 1862இல் ரத்தக் கரைசலின் ஊடாக ஒளியைச் செலுத்தி, நிறமாலையின் மஞ்சள்-பச்சைப் பகுதியில் இரண்டு கரும்பட்டைகள் விழுவதைக் காட்டினார். இரண்டு ஆண்டுகளில் அந்த நிறப்பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயரும் வைத்தார். அதே 1864இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை ரசாயனத்தால் உருவி எடுத்தார். இரண்டு பட்டைகளும் ஒன்றாகக் கலந்தன. குடுவையைக் காற்றோடு குலுக்கியதும் மறுபடி இரண்டாகப் பிரிந்தன.

குடுவையைக் குலுக்கிய அந்தச் சோதனையில்தான் இந்தக் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஆக்சிஜனைச் சுமக்கும் ரத்தம் ஒரு நிறம், இறக்கிவைத்த ரத்தம் வேறு நிறம். ஊசி குத்தாமல், ஒரு சொட்டு வெளியே எடுக்காமல், ஒளியை மட்டும் அனுப்பி அந்த வித்தியாசத்தைக் கேட்டறியலாம். டியூபிங்கனிலேயே கார்ல் ஃபியரோர்ட் 1876இல் இதை உயிருள்ள விரலில் செய்து பார்த்தார். விரலைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தி, அதன் ஊடாக வரும் ஒளியை நிறமாலைமானியில் பார்த்தார். விரலுக்குள் நின்றுபோன ரத்தம் தன் ஆக்சிஜனை இழக்க இழக்க, பட்டைகள் மாறின. மின்வெட்டு நேரத்தில் டார்ச் விளக்கின் மேல் உள்ளங்கையை வைத்து, விரல்கள் சிவந்து ஒளிர்வதைப் பார்க்காத பிள்ளை நம்மூரில் இருக்க முடியாது. பச்சையையும் நீலத்தையும் ரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. ஃபியரோர்ட் பார்த்ததும் அதே வெளிச்சம்தான். அவர் அதை அளந்தார்.

அளவைக் கருவியாக்கியது போர். 1935இல் லைப்சிக் நகரில் கார்ல் மாத்தெஸ் காது மடலின் ஊடாக இரண்டு அலைநீளங்களில் ஒளியைச் செலுத்தும் கருவியைச் செய்திருந்தார். ஆக்சிஜன் கூடிக் குறைவதைக் காட்டுவது ஓர் ஒளி. அதைப் பொருட்படுத்தாமல் ஒப்பிட்டுப் பார்க்க உதவுவது மற்றொன்று. இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் மேலே மேலே பறந்தபோது, காற்று மெலிந்த உயரத்தில் விமானிகள் தங்களுக்கே தெரியாமல் நினைவிழந்தார்கள். பிலடெல்பியாவில் கிளென் மில்லிக்கன் அவர்கள் காதில் மாட்டும் கருவியைச் செய்து, 1942இல் அதற்கு ஆக்சிமீட்டர் என்று பெயரிட்டார். போருக்குத் தப்பிய அவர் 1947இல் டென்னசி மாநிலத்தில் பாறை ஏறும்போது விபத்தில் இறந்துபோனார். கருவியும் அதன்பின் சற்றுத் தேங்கிற்று. காது மடலைச் சூடாக்க வேண்டும், அழுத்தி ரத்தத்தை வெளியேற்றி அளவு திருத்த வேண்டும், ஆள் அசையக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் சரிவரும், அறுவை அரங்கில் சரிவராது.

அடுத்த திருப்பம் தோக்கியோவில், நிஹான் கோடன் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தில் நிகழ்ந்தது. அங்கே பொறியாளராக இருந்த தக்குவோ அவோயாகி, இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அளக்க முயன்றுகொண்டிருந்தார். ரத்தக் குழாயில் சாயத்தை ஏற்றி, அது எவ்வளவு வேகமாகக் கரைந்து மறைகிறது என்பதைக் காது மடலில் ஒளியால் பார்ப்பது அவருடைய முறை. ஆனால் ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் அளவு ஏறி இறங்கித் தொல்லை கொடுத்தது. அந்த ஏற்ற இறக்கத்தை ஒழிக்க இரண்டு அலைநீளங்களை ஒன்றால் ஒன்று வகுத்துச் சமன்செய்தார். ஆக்சிஜன் அளவு மாறியபோது மட்டும் அந்தச் சமன் குலைந்தது.

மற்றவர்கள் எரிச்சலடைந்திருக்கக்கூடிய இடத்தில் அவர் நின்று யோசித்தார். துடிப்பது தமனி ரத்தம் மட்டுமே. எலும்பு, தோல், சிரை ரத்தம் எதுவும் நாடியோடு துடிப்பதில்லை. ஆகவே துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனியில் ஓடும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு தனியே கிடைத்துவிடும். காதைச் சூடாக்க வேண்டாம், அழுத்த வேண்டாம், ஆளுக்கு ஆள் அளவு திருத்த வேண்டாம். தொலைக்க நினைத்த இரைச்சலே தேடாமல் கிடைத்த விடையானது. 1974இல் இதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. அவருடைய நிறுவனம் அதை உடனே பெரிதாக எடுத்துச் செல்லவில்லை. 1980களில் அமெரிக்க மயக்க மருந்து நிபுணர்கள் அதன் அருமையை உணர்ந்தபோது உலகெங்கும் அறுவை அரங்குகளில் அதன் சத்தம் கேட்கத் தொடங்கியது. 2020 ஏப்ரலில், கொரோனாவின் முதல் அலையில் உலகமே விரல் நுனியில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டிருந்த மாதத்தில், அவோயாகி காலமானார். ‘சாச்சுரேஷன் எவ்வளவு?’ என்று தெருத் தெருவாக நாம் கேட்டுக்கொண்டிருந்த நாள்களில், அந்த எண்ணை நமக்குக் கொடுத்தவரின் பெயரை அறிந்தவர் மிகக் குறைவு.

இதுவரை ஒளி விரலையும் காதையும்தான் கடந்திருந்தது. தலைக்குள் மறுபடி போனது எப்படி?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் யோப்சிஸ் என்ற உடலியல் அறிஞர் இருந்தார். உயிரணு மூச்சுவிடும் கடைசிப் படியில் இருக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதிதான் அவருடைய நாட்டம். அந்த நொதியில் உள்ள தாமிரம் அகச்சிவப்பு ஒளியைக் கொஞ்சம் உட்கவர்கிறது. ஆக்சிஜன் கிடைக்கும்போது ஒரு விதம், கிடைக்காதபோது வேறு விதம். அதை மூளையில் பார்க்க வேண்டுமென்றால் மண்டையைத் திறக்க வேண்டும் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஒருநாள் வீட்டில் சாப்பாட்டு மேசையில், மாட்டிறைச்சியின் தோள்பட்டை எலும்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோது சிவப்பு ஒளி அதன் ஊடாக வந்தது என்று அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியும் சிவப்பே இந்த எலும்பைக் கடக்கிறதென்றால், அதைத் தாண்டிய அகச்சிவப்பு மண்டை ஓட்டை ஏன் கடக்காது?

கடந்தது. மண்டையைத் திறக்காமல், விலங்கின் தலையின் ஒரு பக்கம் ஒளியைச் செலுத்தி மறு பக்கம் பிடித்தார். 1977 டிசம்பர் 23 ‘சயின்ஸ்’ இதழில் அவருடைய கட்டுரை வந்தது. சில பக்கங்களே கொண்ட கட்டுரை. இன்று மூளையில் ஒளி வைத்துப் பார்க்கும் ஒவ்வோர் ஆய்வகமும் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுவது இதைத்தான்.

இதில் இயற்கை நமக்குச் செய்த உபகாரம் ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பெரும்பகுதியை ஹீமோகுளோபின் விழுங்கிவிடும். அலைநீளம் 1000 நானோமீட்டரை நெருங்கினால் உடலில் உள்ள தண்ணீர் விழுங்கத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய 650 முதல் 950 நானோமீட்டர் வரை, இருவருமே அதிகம் தொடாத இடைவெளி ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அந்த இடைவெளிக்குள்ளும் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் இறங்கியதும் வேறுவேறாக நடந்துகொள்கின்றன. 760 நானோமீட்டர் பக்கத்தில் ஆக்சிஜன் இழந்தது அதிகமாக உட்கவர்கிறது; 850இல் ஆக்சிஜன் ஏற்றியது அதிகமாக உட்கவர்கிறது; 800ஐ ஒட்டி இரண்டும் சமம். இரண்டு விளக்குகள் போதும், இரண்டின் அளவும் கிடைத்துவிடும். இந்த இடைவெளி இல்லையென்றால் மண்டை எவ்வளவு மெல்லியதாக இருந்தும் பயனில்லை.

யோப்சிஸின் ஒளி முதலில் போய்ச் சேர்ந்தது, அது அதிகம் தேவைப்பட்டவர்களிடம். குறைமாதக் குழந்தைகள். அவர்களின் மண்டை ஓடு மெல்லியது, தலை சிறியது, மூளை ரத்தக் குழாய்கள் எந்த நேரமும் கசியக்கூடியவை. பெரியவர்களைப் போல ஸ்கேன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இன்குபேட்டரை விட்டு எடுப்பதே ஆபத்து. டியூக்கில் 1985இலும், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 1986இலும் குறைமாதச் சிசுக்களின் தலையில் ஒளி வைத்துப் பார்த்த முடிவுகள் வெளியாயின. லண்டன் குழுவில் குழந்தை மருத்துவர் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸும் இயற்பியலாளர் டேவிட் டெல்பியும் சேர்ந்திருந்தார்கள். மருத்துவரும் இயற்பியலாளரும் ஒரே தொட்டில் பக்கத்தில் நின்றதால்தான் இந்தக் கருவி உருப்பட்டது என்பது என் உறுதியான எண்ணம்.

ஏனென்றால் அங்கே ஒரு கடினமான கணக்கு காத்திருந்தது. கல்லூரி வேதியியலில் படித்த பீர்-லாம்பர்ட் விதி நினைவிருக்கலாம்: எவ்வளவு தூரம் ஒளி பயணித்தது என்று தெரிந்தால், எவ்வளவு உட்கவரப்பட்டது என்பதிலிருந்து பொருளின் அடர்த்தியைச் சொல்லலாம். கண்ணாடிக் குப்பிக்கு இது சரி. மூளைக்குள் ஒளி நேராகப் போவதில்லை. பால் டம்ளருக்குள் டார்ச் அடித்தால் கற்றை தெரியாமல் பால் முழுதும் மங்கலாக ஒளிர்வதைப் போல, திசுவுக்குள் ஒளி ஆயிரம் முறை முட்டித் திரும்பி அலைகிறது. அது உண்மையில் நடந்த தூரம் எவ்வளவு? டெல்பியும் மார்க் கோப்பும் உடன் பணியாற்றியவர்களும் விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் நேரத்தைப் பிரிக்கும் கேமராவை வைத்து, ஒளித் துடிப்பு ஒன்று புறப்பட்டு வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்தார்கள். விளக்குக்கும் உணரிக்கும் இடையே உள்ள தூரத்தைப்போல் ஒளி பல மடங்கு நடந்திருந்தது. 1988இல் வெளியான அந்தத் திருத்தம்தான், ‘ஏதோ கூடுகிறது, ஏதோ குறைகிறது’ என்று மட்டும் சொல்லிவந்த கருவிக்கு எண்களைக் கொடுத்தது. அதே ஆண்டு பிலடெல்பியாவில் பிரிட்டன் சான்ஸும் ஒளித் துடிப்பின் நேரத்தை அளக்கும் வழியில் இறங்கியிருந்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்ற மனிதர் அவர். மில்லிக்கன் ஆக்சிமீட்டரைச் செய்த ஜான்சன் அறக்கட்டளை ஆய்வகத்தைப் பிறகு நெடுங்காலம் நடத்தியவரும் அவரே.

விரல் ஆக்சிமீட்டரும் மூளை ஆக்சிமீட்டரும் ஒன்றல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். விரலில் வரும் 98 என்ற எண், நுரையீரல் ரத்தத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனை ஏற்றி அனுப்பியது என்பதைச் சொல்கிறது. நெற்றியில் ஒட்டும் பட்டையோ, துடிப்பைத் தேடுவதில்லை. அந்த இடத்துத் திசுவில் உள்ள எல்லா ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. அங்கே பெரும்பகுதி சிரை ரத்தம். ஆகவே மூளை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் என்ன என்பதே அதன் எண். நல்ல நிலையில் அது 60க்கும் 80க்கும் இடையில் இருக்கும். 65ஐப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. 75இலிருந்து கிடுகிடுவென 50க்கு இறங்கினால் பதற வேண்டும். இதய அறுவையில் நாடித் துடிப்பே இல்லாமல் இயந்திரம் ரத்தத்தை ஓட்டும் நேரத்தில் விரல் கருவி ஊமையாகிவிடும். நெற்றிப் பட்டை அப்போதும் பேசும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும் உடலின் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. ரத்தம் நின்றால் சுமார் 10 விநாடிகளில் நினைவு போய்விடும். இப்படிப்பட்ட உறுப்பின் மிச்சக் கணக்கை மண்டையைத் திறக்காமல் சொல்லும் கருவி வேறு அதிகம் இல்லை.

1993இல் இந்த ஒளி இன்னொரு வேலைக்கும் தகுதியானது என்பதை ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்காவைச் சேர்ந்த குழுக்கள் ஒரே ஆண்டில் தனித்தனியே காட்டின. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யத் தொடங்கினால் அங்கே ரத்தம் தேவைக்கு மேலேயே பாய்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் கூடுகிறது, இழந்தது குறைகிறது. நெற்றியில் ஒளியை வைத்துக்கொண்டு ஒருவரைக் கணக்குப் போடச் சொன்னால் இந்த மாற்றத்தைப் பார்க்க முடிந்தது. எம்.ஆர்.ஐ. இயந்திரமும் இதே மாற்றத்தின் நிழலைத்தான் பார்க்கிறது. ஆனால் அதற்குள் ஆள் அசையாமல் படுக்க வேண்டும். கைக்குழந்தையை அசையாதே என்று சொல்ல முடியுமா? ஒளிக்கோ ஒரு தொப்பி போதும், அம்மா மடியில் உட்கார்ந்தபடி. இத்தாலியின் திரியெஸ்தே நகரைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிறந்து சில நாள்களே ஆன சிசுக்களுக்குப் பேச்சை நேராகவும் தலைகீழாகவும் ஒலிக்கவிட்டு 2003இல் முடிவை வெளியிட்டார்கள். நேரான பேச்சுக்கு மூளையின் இடப் பக்கம் கூடுதலாக விழித்துக்கொண்டது. மொழி என்று ஒன்று இருப்பதே தெரியாத வயதில் மூளை பேச்சை அடையாளம் காண்கிறது என்பதை ஒளி எடுத்துச் சொன்னது.

ஜப்பான் இதை மருத்துவமனைக்குள் வெகுதூரம் கொண்டுபோயிற்று. ஹிட்டாச்சி நிறுவனம் பல விளக்குகள் பதித்த தொப்பிகளைச் செய்தது. வலிப்பு நோய் அறுவைக்கு முன் மூளையின் மொழிப் பகுதி எந்தப் பக்கம் என்று பார்க்க அவை பயன்பட்டன. மனச்சோர்வு நோயைப் பிற நோய்களிலிருந்து பிரித்தறிய உதவும் சோதனையாக 2014இல் அரசுக் காப்பீட்டிலும் சேர்ந்தது. இது எனக்கு அவ்வளவு நிம்மதி தரவில்லை. பெரியவர்களின் தலையில் இந்த ஒளி மூளையின் மேல் ஓரத்தை மட்டுமே தொடுகிறது. உச்சந்தலைத் தோலில் ஓடும் ரத்தமும் அதே அளவில் கலந்துவிடுகிறது. மனத்தின் நோயை அதிலிருந்து படிப்பதற்கு நிறையப் பொறுமை வேண்டும்.

ஆக்சிஜன் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது வேறு கேள்வி. பக்கவாதம் வந்தவருக்கு இரண்டாவதுதான் உயிர்ப் பிரச்சினை. இதற்கு ஒளியின் இன்னொரு குணம் உதவிற்று. லேசர் ஒளி திசுவில் சிதறித் திரும்பும்போது புள்ளி புள்ளியாக மினுங்கும். உள்ளே சிவப்பணுக்கள் வேகமாக ஓடினால் மினுக்கமும் வேகமாக மாறும். மெதுவாக ஓடினால் மெதுவாக மாறும். அந்த மினுக்கத்தின் வேகத்திலிருந்து ஆழத்தில் ஓடும் ரத்தத்தின் வேகத்தைக் கணக்கிடலாம் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் போவாஸும் அர்ஜுன் யோதும் 1995இல் காட்டினார்கள். சில ஆண்டுகளில் அது மனித மூளைக்கு வந்தது. பக்கவாத நோயாளியைத் தட்டையாகப் படுக்க வைத்தால் மூளைக்கு ரத்தம் கூடுதலாகப் போகும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இந்த ஒளியால் படுக்கையருகே பார்த்தபோது, பலருக்கு அப்படியே நடந்தது. சிலருக்கு எதிர்மாறாக, தலையை உயர்த்தி வைத்தபோதுதான் ஓட்டம் நன்றாக இருந்தது. எல்லாருக்கும் ஒரே படுக்கை நிலை என்ற வழக்கத்தை ஆள் ஆளாகப் பார்த்துச் சரிசெய்யலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து பிறந்தது.

தலையில் அடிபட்டவர்களுக்கும் இந்த ஒளி போயிருக்கிறது. மண்டைக்குள் ரத்தம் கசிந்து கட்டினால் அந்த இடத்தில் ஒளி கூடுதலாக விழுங்கப்படும். இடப் பக்கத்தையும் வலப் பக்கத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஹூஸ்டனில் அறுவை மருத்துவர் சங்கர் கோபிநாத்தும் கிளாடியா ராபர்ட்சனும் சான்ஸுடன் சேர்ந்து 1993இல் இதை நோயாளிகளிடம் காட்டினார்கள். அந்த வழியில் கைக்கு அடக்கமான கருவி பிறந்து அமெரிக்கப் படைகளுக்குப் போனது. இப்போது அகமதாபாத் நிறுவனம் ஒன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், போபால் எய்ம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவற்றுடன் சேர்ந்து ‘செரிபோ’ என்ற கைக்கருவியைச் செய்திருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள், ஊசியும் கதிர்வீச்சும் இல்லாமல், உள்ளே ரத்தக்கசிவு இருக்கக்கூடுமா என்று சொல்வது அதன் வேலை. சி.டி. ஸ்கேனுக்கு இது மாற்று ஆகாது. ஆனால் இருசக்கர வாகன விபத்தில் அடிபட்டவரை ஸ்கேன் இல்லாத ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எவ்வளவு அவசரமாக அனுப்புவது என்ற முடிவை ஆம்புலன்ஸில் இருப்பவர் எடுக்க வேண்டியிருக்கும் நாடு இது. அந்த இடத்தில் இப்படிப்பட்ட கருவிக்கு ஈடு இல்லை.

பெட்டியில் வைத்துத் தூக்கிச் செல்ல முடிந்ததால்தான் ஒளி, எம்.ஆர்.ஐ. போகாத இடங்களுக்கும் போனது. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில், கெனேபா என்ற கிராமத்தில், லண்டனிலிருந்து கிளேர் எல்வெல், சாரா லாயிட்-ஃபாக்ஸ் ஆகியோரின் குழு கைக்குழந்தைகளின் தலையில் தொப்பி மாட்டி மூளையைப் பார்த்தது. முதல் முடிவுகள் 2014இல் வெளியாயின. சத்துக்குறைவு குழந்தையின் எடையில் தெரிவதற்கு முன்பே மூளையில் தெரியுமா என்பது அவர்கள் கேள்வி. உத்தரப் பிரதேசத்தில், லக்னோவுக்கு அருகிலுள்ள சிவ்கட் பகுதியில், நான்கு மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள கிராமத்துப் பிள்ளைகளிடம் இதே முறையில் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. வருமானமும் தாயின் படிப்பும் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, கண்ணால் பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையின்போது மூளையின் செயல்பாடு வலுக்குறைந்திருந்தது. வறுமை மூளைக்குள் போய் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் நான் படித்ததில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தக் கருவியை நேசிப்பவர்கள் மறைக்கக் கூடாத ஒரு முடிவு இருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கோர்ம் கிரெய்சென் என்ற குழந்தை மருத்துவரின் தலைமையில், ஐரோப்பிய மருத்துவமனைகளில் 166 குறைமாதச் சிசுக்களிடம் ஒரு சோதனை நடந்தது. மூளை ஆக்சிமீட்டரைப் பார்த்துச் சிகிச்சையை மாற்றிக்கொண்ட குழுவில், மூளை ஆக்சிஜன் குறைந்தும் மிகுந்தும் இருந்த சுமை பாதிக்கும் கீழே இறங்கியது. 2015இல் இது வெளியானதும் எல்லாரும் மகிழ்ந்தார்கள். அடுத்த கட்டம் பெரியது: 17 நாடுகள், 70 மருத்துவமனைகள், 28 வாரம் நிறையுமுன் பிறந்த 1601 சிசுக்கள். பிறந்த முதல் 72 மணி நேரம் நெற்றியில் ஒளி. 2023இல் முடிவு வந்தது. ஒளியின் துணையோடு சிகிச்சை பெற்றவர்களில் 35.2 சதவீதம் பேர் இறந்தோ கடும் மூளைச் சேதம் அடைந்தோ போனார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 34.0 சதவீதம். பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை.

இதைப் படித்தபோது மனம் கனத்தது. கருவி பொய் சொல்லவில்லை. அது சரியாகவே பார்க்கிறது. எண் இறங்கும்போது என்ன செய்வது என்பதுதான் இன்னும் நம் கையில் போதுமான அளவு இல்லை. ரத்த அழுத்தத்தை ஏற்றுவதா, சுவாசக் கருவியைத் தணிப்பதா, ரத்தம் ஏற்றுவதா? எந்த வைத்தியம் எந்தச் சிசுவுக்குப் பலிக்கும் என்ற அறிவு, பார்க்கும் திறனுக்கு வெகு பின்னால் இருக்கிறது. 1601 சிசுக்களின் குடும்பங்கள் தங்கள் வாழ்க்கையின் மிகப் பயங்கரமான நாளில் சம்மதம் கொடுத்ததால் கிடைத்த உண்மை இது. விற்பனைப் பிரதிநிதியின் பளபளப்பான கையேட்டுக்கு முன்னால் இந்த உண்மையை வைத்துப் பேசும் மருத்துவர்கள் நமக்கு வேண்டும்.

நம்மை நேராகத் தொடும் குறை இன்னொன்று. ஒளி ஹீமோகுளோபினைச் சந்திக்கும் முன் தோலைக் கடக்க வேண்டும். தோலின் மெலனினும் அதை விழுங்குகிறது. அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட கணக்கு இது: விரல் ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், உண்மை அளவு 88க்கும் கீழே போயிருந்தது வெள்ளைத் தோலினரில் 3.6 சதவீத அளவீடுகளில், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதத்தில். மூச்சுக்கு ஏங்குபவருக்கு, உனக்கு ஒன்றுமில்லை என்று கருவி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மூளை ஆக்சிமீட்டர்களில் சில இதற்கு நேர்மாறாக, அடர்நிறத் தோலில் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டுகின்றன. மூளையின் செயல்பாட்டைப் பார்க்கும் தொப்பிகளுக்கோ கறுத்து அடர்ந்த முடி பெரும் தடை. எங்கே, யார் தோலில் வைத்து அளவு திருத்தினார்களோ, அவர்களுக்கே கருவி உண்மையாக இருக்கிறது.

தமிழ்நாட்டின் தோல் நிறம் ஒன்றல்ல. வெண்மையிலிருந்து அடர் கறுப்பு வரை ஒரே வார்டில் படுத்திருக்கும். அரசு மருத்துவமனைகளுக்குக் கருவி வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஆக்சிமீட்டராக இருந்தாலும் நெற்றிப் பட்டையாக இருந்தாலும், அடர்நிறத் தோலில் தமனி ரத்தத்தோடு ஒப்பிட்டுச் சோதித்த விவரத்தை டெண்டரிலேயே கேட்க வேண்டும். விவரம் தராத கருவியை வாங்கக் கூடாது. நம் மருத்துவக் கல்லூரிகள் தங்கள் நோயாளிகளிடமே அந்தச் சோதனையைச் செய்து முடிவுகளை வெளியிட வேண்டும். அதற்குத் தேவையான தமனி ரத்தப் பரிசோதனை ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அன்றாடம் நடப்பதுதான். வீட்டில் விரல் ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது, பேச்சு குழறுகிறது என்றால், கருவியில் 95 இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.